செய்தி சொல்ல ஒரே வாய்: சேலத்தில் கேட்ட ஒரு வார வானொலி

அம்மாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் காலை ஏழேகால் மணியைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர் நாடாவை நிறுத்திவிட்டு, சுவர்ப்பலகையில் இருக்கும் ரேடியோவின் திருகைக் கொஞ்சம் ஏற்றுவார். டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. வாசிப்பது சரோஜ் நாராயணசாமி. ஒரே குரல் வீடு வீடாக ஓடும். முதல் வீட்டு வாசலில் காதில் விழுந்த வாக்கியத்தின் முடிவை நான்காவது வீட்டைத் தாண்டும்போது கேட்கலாம். பத்து நிமிடம் கழித்துத் தறிச் சத்தம் மறுபடியும் எழும். தெருவில் இருந்த எல்லாருக்கும் அன்றைய நாட்டு நடப்பு ஒரே அளவில் தெரிந்திருக்கும். தெரியாமல் போனதும் எல்லாருக்கும் ஒரே அளவுதான்.

நாற்பது வருடத்துக்கு முந்தைய கதை இது. இப்போது அந்தத் தெருவில் விசைத்தறி இரைச்சலில் ரேடியோ எடுபடாது. இருந்தாலும் அண்மையில் ஒரு வாரம், கைப்பேசியில் செய்தி பார்ப்பதில்லை, தொலைக்காட்சி போடுவதில்லை என்று முடிவு செய்து, அரசியல், உலக நடப்பு, கச்சேரி எல்லாவற்றையும் வானொலி வழியாகவே கேட்பது என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் சேலத்தில். நான்கு நாள் ஏற்காட்டில், காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் நண்பர் வீட்டில். அந்த வாரம் என்ன செய்தி வந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது இதற்குள் ஊசிப்போயிருக்கும். செய்தி ஏன் அப்படி வந்தது என்பதுதான் என் விஷயம்.

முதல் நாளே கவனத்தில் பட்டது இது. சேலத்தில் எஃப்.எம். அலைவரிசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் பாட்டு, கலகலப்புப் பேச்சு, நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம், 'இந்தப் பாட்டு யாருக்கு?' என்ற விசாரிப்பு. நாள் முழுக்க அதையே கேட்டாலும் டெல்லியில் ஆட்சி நிற்கிறதா கவிழ்ந்ததா என்று தெரியாது. அறிவிப்பாளர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. தனியார் வானொலி சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்லக் கூடாது என்பது உரிம நிபந்தனை. இந்தியாவில் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் 2001-இல் பெங்களூரில் தொடங்கியதிலிருந்து இதுதான் நிலை. சமுதாய வானொலிகளுக்கும் அதே பூட்டு. 2011-இல் வந்த கொள்கை ஒரு சிறு சந்து திறந்துவிட்டது: அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்பு செய்துகொள்ளலாம். 2019 ஜனவரியில் அதையே இலவசமாகத் தர ஏற்பாடு செய்தார்கள். அதாவது வாய்கள் பெருகலாம். பேச்சு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம். யார் வேண்டுமானாலும் பத்திரிகை தொடங்கலாம். இருபத்து நான்கு மணி நேரச் செய்தித் தொலைக்காட்சிகளை எண்ணவே முடியவில்லை. கைப்பேசியில் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் செய்தி வாசிக்கிறார். ரேடியோவுக்கு மட்டும் அனுமதி இல்லை. காற்றலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனிச்சொத்து அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்றே சொல்லிவிட்டது. வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் வந்த தீர்ப்பு அது. வானொலிச் செய்தித் தடையை எதிர்த்து 2013-இல் 'காமன் காஸ்' என்ற அமைப்பு பொதுநல வழக்குப் போட்டது. ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்லத் தனியார் எஃப்.எம்.களை விடலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, அனுமதி வேறு.

அரசு சொல்லும் காரணம் பாதுகாப்பு: அத்தனை ஊர் நிலையங்களையும் கண்காணிக்க ஆள் ஏது என்கிறார்கள். எனக்குப் படுவது வேறு. ரேடியோ கேட்க எழுத்துத் தெரிய வேண்டாம், இணையம் வேண்டாம், கரண்டுகூட வேண்டாம். இரண்டு பேட்டரிக் கட்டை போதும். மற்ற எந்த ஊடகமும் எட்டாத ஆளையும் எட்டுவது அது. அந்த வாசலில்தான் காவல் பலமாக இருக்கிறது.

சேலத்துக்காரர்கள் அகில இந்திய வானொலியைக் 'கவர்மென்ட் ரேடியோ' என்றுதான் சொல்வார்கள். பொது வானொலி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. தொடக்கம் மட்டும் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் வானொலியைத் தொடங்கியது அரசாங்கமே அல்ல, 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் எழுந்த சென்னை மாகாண வானொலிச் சங்கம் அது. பணமில்லாமல் 1927-இல் படுத்துவிட்டது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையம் தொடங்கிய தனியார் கம்பெனியும் 1930-இல் திவாலாக, அரசு கையில் எடுத்தது. 1936-இல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்று பெயர் வைத்தார்கள். சென்னை நிலையம் 1938, திருச்சி 1939. சுதந்திரம் வந்தபோது இந்தியாவிடம் இருந்த ஆறு நிலையங்களில் இரண்டு தமிழ்நாட்டில். சேலத்துக்குத் திருச்சிதான் தாய்வீடு. கோவை 1966-இல்தான் வந்தது.

என் அப்பா வைத்திருந்த வானொலி உரிமப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பழுப்பு அட்டை, உள்ளே தபால் நிலைய முத்திரை பதிந்த தபால்தலைகள். ரேடியோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வருடா வருடம் தபால் நிலையத்தில் 15 ரூபாய் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அபராதம். 1980-களின் நடுவில் அதை ஒழித்தபோது எங்கள் தெருவே மகிழ்ந்தது. பிரிட்டனில் இன்றும் மக்கள் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டுகிறார்கள். 'இது எங்கள் காசு' என்று பிபிசியின் சட்டையைப் பிடிக்கிறார்கள். நாமும் கட்டினோமே, ஏன் பிடிக்கவில்லை? நாம் கட்டியது அரசின் கஜானாவுக்குப் போனது. நிலையத்துக்கு வந்தது அரசு தந்த பணம். அந்தச் சிறு வித்தியாசத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது. தன்னாட்சி வேண்டும் என்று 1960-களில் ஏ.கே. சந்தா தலைமையில் அரசு அமைத்த குழு சொன்னது. நெருக்கடி நிலைக்குப் பிறகு 1978-இல் வர்கீஸ் குழு இன்னும் அழுத்திச் சொன்னது. வானொலியையும் தூர்தர்ஷனையும் தனி அமைப்பின் கீழ் கொண்டுவரும் பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறி, ஏழு வருடம் அலமாரியில் தூங்கி, 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் தன்னாட்சி, சம்பளத்துக்கு அரசு மானியம்.

கேட்பவர்களிடம் நன்கொடையும் வாங்கி நடக்கும் அமெரிக்கப் பொது வானொலிக்கும் ஆபத்து வராமல் இல்லை. 2025 ஜூலையில் அந்த நாட்டு நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பெரிய நிறுவனங்களைவிடச் சிற்றூர் நிலையங்களுக்குத்தான் அதில் அடி அதிகம். அங்கே கயிற்றை அறுத்தார்கள்; இங்கே கயிறு அறுபடுவதே இல்லை.

சரி, அந்தப் பத்து நிமிடத்துக்கு வருவோம். செய்தி வாசிக்கும் வேகத்தில் நிமிடத்துக்கு நூறு சொல் என்று என் கணக்கு. தலைப்புச் செய்திகள் முன்னும் பின்னும் இரண்டு முறை வந்துவிடுகின்றன; மீதம் எண்ணூறு சொல் இருந்தால் பெரிது. இந்தக் கட்டுரையை அந்த வேகத்தில் வாசித்தால் ஒரு செய்தியறிக்கை நேரம் போதாது. எண்ணூறு சொல்லுக்குள் இந்தியா, உலகம், விளையாட்டு, வானிலை. எனவே எது முதலில், எது கடைசியில், எது இல்லவே இல்லை என்பதே ஒரு தலையங்கம். குடியரசுத் தலைவர், பிரதமர் பெயர்கள் ஏறத்தாழ எப்போதும் மேலே. விலைவாசி நடுவில், அதுவும் அமைச்சர் அதைப் பற்றிப் பேசியிருந்தால்.

இரண்டாம் நாள் முதல் நான் வினைச்சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன். அமைச்சர் 'தெரிவித்தார்', 'உறுதியளித்தார்', 'சுட்டிக்காட்டினார்'. எதிர்க்கட்சித் தலைவர் 'குற்றம்சாட்டினார்', 'கேள்வி எழுப்பினார்'. 'சுட்டிக்காட்டினார்' என்றால் அந்தப் பொருள் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அவர் விரல் நீட்டியது மட்டும்தான். 'குற்றம்சாட்டினார்' என்றால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு பெயரடைகூட இல்லாமல், ஒரு பொய்கூடச் சொல்லாமல், யார் பேச்சை நம்புவது என்று காதுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். 'அமளி காரணமாக அவை ஒத்திவைக்கப்பட்டது' இன்னொரு வகை. எதைப் பற்றிய அமளி என்பது சில நாள் அடுத்த வாக்கியத்தில் வரும். சில நாள் அடுத்த வாக்கியம் வேறு ஊருக்குப் போய்விடும்.

இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாரமும் என் காதில் யாரும் கத்தவில்லை. நான்கு பேரை உட்காரவைத்து மோதவிடவில்லை. ஊர்ப் பெயர்களைச் சரியாக உச்சரித்தார்கள். உறுதியாகாததைச் சொல்லவில்லை. தொலைக்காட்சி பழகிய காதுக்கு முதல் இரண்டு நாள் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. மூன்றாம் நாள் அதுவே பிடித்துப்போனது.

ஆனால் உறுதியாகும்வரை காத்திருப்பதும், மேலிடம் தலையாட்டும்வரை காத்திருப்பதும் ஒன்றல்ல. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்டது காலையில். அவர் இறந்த செய்தியைப் பிபிசி பிற்பகலிலேயே சொன்னது. நம் வானொலி மாலையில்தான் சொன்னது. மேற்கு வங்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே நிலவரம் அறியப் பிபிசியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிரதமரின் மகனுக்கே பிரதமரின் வானொலி போதவில்லை. அதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1975 ஜூன் 26 காலை, நெருக்கடி நிலையை நாட்டுக்கு அறிவித்ததும் இதே ஒலிவாங்கிதான்.

எதிர்க்கட்சிக்கு இதில் நேரடியாக வாய் கிடைப்பது தேர்தல் காலத்தில் மட்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு வானொலியிலும் தூர்தர்ஷனிலும் இலவச நேரம் என்பது 1998 பொதுத் தேர்தல் முதல் தேர்தல் ஆணையத்தின் திட்டமாக இருக்கிறது. உரையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்; அது சரிபார்க்கப்படும். 2024 மே மாதம் மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி உரையில் 'வகுப்புவாத எதேச்சதிகார ஆட்சி' என்ற பொருள்பட இருந்த தொடரை நீக்கச் சொன்னார்கள். பார்வர்டு பிளாக் தலைவர் ஜி. தேவராஜன் உரையில் 'முஸ்லிம்கள்' என்ற சொல்லை. மாநில முதல்வராக இருந்தாலும் விதிவிலக்கில்லை: 2017 சுதந்திர நாளுக்குத் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார் பதிவு செய்து கொடுத்த உரையை, மாற்றினால்தான் ஒலிபரப்புவோம் என்றார்கள். அவர் மாற்றவில்லை.

நான்காம் நாள் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒவ்வொரு வளைவிலும் ரேடியோ வேறு மாதிரி பேசும். எஃப்.எம். அலை பார்வைக் கோட்டில் நேராகப் போவது; மலை குறுக்கே நின்றால் நிழல் விழும். சேர்வராயன் மலைக்கு வடக்கே தர்மபுரி. நண்பரின் தோட்டத்து வடக்குச் சரிவில் தர்மபுரி வானொலி 102.5 மணி போல் கேட்கும். அதே ரேடியோவை எடுத்துக்கொண்டு தெற்கே பாறைக்குப் பின்னால் நூறு அடி நடந்தால் இரைச்சல். மத்திய அலை அப்படியல்ல, தரையை ஒட்டித் தவழ்ந்து வரும். பகலில் அதை உறிஞ்சிவிடும் வளிமண்டல அடுக்கு ஒன்று இரவில் கரைந்துபோவதால், இருட்டிய பிறகு அதே அலை மேலே போய்த் தெறித்து வெகுதூரத்தில் வந்து விழும். மலையில் இரவு ஒன்பது மணிக்கு முள்ளை மெதுவாகத் திருப்பினால் இலங்கை மிதந்து வந்தது இப்படித்தான்.

அந்த இரவு ஒன்பது மணிதான் எங்கள் தலைமுறைக்கு உலக நடப்பு. நம் வானொலியின் ஒலிபரப்பு விதிகளில் முதல் விதியே நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது என்பது. வெளியுறவு அமைச்சகம் எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வாசலில் செய்தியும் நிற்கும். ஈழத்தில் தீப்பற்றிய வருடங்களில் அது தமிழ்நாட்டுக்குப் போதுமா? 9.15 ஆனால் சிற்றலையில் லண்டன் தமிழோசை. 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழ்ச் சேவைக்குத் தமிழோசை என்று பெயரிட்டவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம். சேலம் மாவட்டத்து அகதி முகாம்களில் அந்த அரை மணி நேரம் குழந்தை அழுதால்கூட வெளியே தூக்கிக்கொண்டு போவார்கள். 2017 ஏப்ரல் 30 அன்று அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. பீஜிங்கிலிருந்து தமிழில் வந்த சீன வானொலிக்கும் இந்தப் பக்கத்தில் நேயர் மன்றங்கள் உண்டு. கடிதம் எழுதினால் நாட்காட்டி வரும். அதுவும் அரசு வானொலிதான், நம்முடையதைவிடப் பல மடங்கு. ஒரே நிகழ்ச்சியை மூன்று அரசாங்கங்களின் வாயால் கேட்டு நடுவில் எதுவோ இருக்கும் என்று ஊகித்துக்கொள்வது ஒரு பயிற்சி. நண்பரின் அப்பா அதில் கெட்டிக்காரர்.

கலை நிகழ்ச்சிகளுக்கு வந்தால் கதை தலைகீழ். அரசின் பிடி இங்கேயும் இருந்தது, ஆனால் விளைந்தது வேறு. 1952 முதல் பத்து வருடம் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அவர் அதைச் சுருக்க, கேட்பவர்கள் கூட்டமாக இலங்கை வானொலிக்குப் போனார்கள். போனவர்களைத் திரும்ப அழைக்கத்தான் 1957-இல் சினிமாப் பாட்டும் பொழுதுபோக்கும் தரும் விவித் பாரதி என்ற சேவை பிறந்தது. ஆர்மோனியம் இந்திய இசைக்கு ஒவ்வாது என்று 1940 முதல் 1971 வரை அதற்குக் கதவடைத்ததும் இதே வானொலி. அந்தக் கேஸ்கர் காலத்தில்தான் சனிக்கிழமை இரவு தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. சபா டிக்கெட் வாங்க வழியில்லாதவர் வீட்டுக்கும் முதல் வரிசைக் கச்சேரி வந்தது. குரல் தேர்வு வைத்துக் கலைஞர்களைத் தரம் பிரித்தார்கள். 'ஏ கிரேடு வித்வான்' என்று கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வரக்காரர் பெயருக்கு முன்னால் போடுகிறார்களே, அந்த கிரேடு வானொலி கொடுத்தது.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது நெல். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புது ரகத்தைத் தஞ்சை மாவட்டத்தில் பரப்பியதில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பங்கு. விவசாயிகள் ரகத்தின் பெயரையே விட்டுவிட்டு 'ரேடியோ நெல்' என்றார்கள். இந்த நிகழ்ச்சிகளை நடத்தியவர்கள் மேடைத் தமிழ் பேசவில்லை, களத்து மேட்டுத் தமிழ் பேசினார்கள். 'இன்று ஒரு தகவல்' தென்கச்சி கோ. சுவாமிநாதனும் திருநெல்வேலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பிலிருந்து வந்தவர்தான். செய்திப் பிரிவில் வினைச்சொல்லை நிறுத்துப் போடும் அதே கட்டடத்தில், இரண்டு அறை தள்ளி, பூச்சிமருந்தைப் பற்றி ஓர் ஆள் பக்கத்துத் தோட்டக்காரரைப் போலப் பேசுகிறார். கட்டுப்பாடு செய்திக்குத்தான், பூச்சிக்கு இல்லை.

நிலையம் திறக்கும்போது வரும் அந்த வயலின் மெட்டு இருக்கிறதே, நாஜிகளின் காலத்தில் ஐரோப்பாவை விட்டுப் பம்பாய்க்கு வந்த யூதரான வால்டர் காஃப்மன் அமைத்தது. சிவரஞ்சனி ராகச் சாயல். தோட்டத்து வீட்டில் ஆறாம் நாள் விடியற்காலை, கண்ணாடியில் பனி வழிய அதைக் கேட்டபோது, 'ஆகாஷ்வாணியா, வானொலியா' என்று 2023-இல் மறுபடி கிளம்பிய பெயர்ச் சண்டை நினைவுக்கு வந்தது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே இனி வேண்டாம் என்று அந்த மே மாதம் உத்தரவு போட்டார்கள், தமிழ்நாடு எதிர்த்தது. மெட்டு எந்த மொழியிலும் இல்லாததால் தப்பித்திருக்கிறது.

ஏழாம் நாள் மாலை மாநிலச் செய்தி. நண்பர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ரேடியோ பக்கம் நாற்காலியை இழுத்தார். முதலமைச்சர், ஆளுநர், நீதிமன்றம், அணை நீர்மட்டம் எல்லாம் போயின. அவர் முகத்தில் அசைவில்லை. பங்குனி மாதம். காப்பிச் செடியில் மொட்டு திரண்டு நிற்கிறது. இந்த நேரத்தில் ஒரு பூ மழை விழுந்தால்தான் மலரும், தவறினால் அடுத்த பறிப்பே போச்சு. அவர் காத்திருப்பது கடைசி அரை நிமிடத்துக்கு.

"உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்" என்றது பெட்டி.

"அந்த ஓரிரு இடத்தில் நம் இடம் உண்டுங்களா?" என்று கேட்டபடி எழுந்து, சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் இருக்கிறதா என்று பார்க்க வெளியே போனார்.